பட்டப்பெயரும் ஒரு கை களிமண்ணும்

என் பிறந்த வீட்டுப் பட்டப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே நாலு பேர் போன் போட்டு, நீங்க எந்தக் கிளை, எந்த ஊர் வகையறா என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பொறுமை கிடையாது. பூதலூருக்கு வடக்கே வெண்ணாற்றங்கரையில் ஓர் ஊர், அங்கே ஒரு பட்டம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் ஆண்களின் பெயருக்குப் பின்னால் பட்டம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே பட்டம் உள்ளவர்கள் எல்லாரும் பங்காளிகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராவிட்டாலும் அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுக்க முடியாது. ஒருவர் செத்தால் மற்றவர்களுக்குத் தீட்டு. பெண்களுக்கு இந்த வம்பு இல்லை. ஒரு பட்டத்தில் பிறந்து இன்னொரு பட்டத்துக்கு வாழ்க்கைப்படுகிறோம், இரண்டும் எங்கள் பெயரோடு சேர்வதில்லை. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருந்தது, பிறகு கணவரின் முதலெழுத்து வந்தது. பின்னால் எப்போதும் காலி இடம்தான்.

அண்ணனுக்குப் பட்டம் என்றால் பைத்தியம். கேட்டில் கருங்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார், கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார், டிராக்டரையும் விடவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு, வயலுக்குப் போகாத நேரமெல்லாம் போனில் அந்தப் பெயரைத் தேடுவதுதான் அவர் வேலை. மொரீஷியஸில் ஒரு ரொட்டிக்கடை, துபாயில் ஒரு என்ஜினீயர், கனடாவில் ஒரு பல் டாக்டர் என்று எழுத்து தேய்ந்தும் திரிந்தும் எங்கெங்கோ கிடந்த பெயரையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். எங்கள் ஊரில் நாலு தெருவுக்குள் கிடந்த ஒரு பெயர் இத்தனை தூரம் எப்படிப் போனது என்று எனக்கே மலைப்பாக இருக்கும்.

குழுவில் புதிதாக யார் வந்தாலும் பட்டம் வந்த கதையை அனுப்பிவிடுவார். சோழர் காலத்தில் வெண்ணாற்றில் பெருவெள்ளம் வந்து கரை உடைந்ததாம். எங்கள் முன்னோர் ஒருவர் உடைப்பில் இறங்கி நெஞ்சைக் கொடுத்து நின்றாராம். ஊர் பிழைத்தது. ராஜா மெச்சி, கரையை நிறுத்தியவர் என்று பொருள் வரும்படி ஒரு பட்டம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பட்டம் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு சோழன் இருக்கிறான். காலையில் எழுந்தால் பட்டம் கொடுப்பதைத் தவிர அந்த ராஜாவுக்கு வேறு ஜோலியே இல்லையா என்று கேட்டால் அண்ணனுக்குக் கோபம் வரும். நெஞ்சைக் கொடுத்து நின்ற ஆளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் இன்னும் கோபம் வரும்.

மாசி மாதம் குலசாமிக்குப் படையல். சம்பா அறுப்பு முடிந்து, மேட்டூர் அணையை அடைத்து, ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் சமயம் அது. வயலில் உளுந்து பூத்திருக்கும். தோப்பில் இருக்கும் கோயிலுக்குப் பங்காளிகள் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து ஒரே பானையில் போடுவார்கள். அந்தப் பானையில் யார் அரிசி விழுந்ததோ அவர் பங்காளி. சோறு வெந்து, சாமிக்குப் படைத்து, எல்லாரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் தனியாக இன்னொரு இலை போட வேண்டும். அதில் பானைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, உரித்த வெங்காயம், ஓரத்தில் ஒரு கை ஈரக் களிமண். உச்சி வேளையில் அந்த இலையைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் மதகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். யாருக்கு என்று கேட்டால் கரைக்கு என்பார்கள். களிமண் எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

இலையைத் தூக்கிக்கொண்டு போவது, அந்த வீட்டில் பிறந்து வேறு பட்டத்துக்குப் போன பெண். எங்கள் வீட்டில் அது நான். கரையில் இருப்பது பட்டம் உள்ளவர்கள் பின்னாலேயே வந்துவிடும், உனக்குத்தான் பட்டம் இல்லையே, உன்னை ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் கல்யாணமான வருஷம் சித்தப்பா என் கையில் இலையைக் கொடுத்தார். ஆம்பிளைகளின் தைரியத்தை நினைத்து அன்றைக்கே எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்தேனே தவிர, பயந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள். பேய் பிசாசு என்று பிள்ளைகள் ஆரம்பித்தால் அதட்டி உட்கார வைத்தவள். ஆனால் இலையை வைத்துவிட்டுக் கரைச் சரிவில் இறங்கும்போது எனக்குப் பின்னால் கால் வைக்கும் சத்தம் கேட்கும். சேற்றுக்காலோடு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, கரை காய்ந்து வெடித்திருக்கும், எங்கிருந்து சேறு? தோப்பு வேலி வரைக்கும் வந்து அது நின்றுவிடும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததுமில்லை.

போன வருஷம் படையலுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், முப்பதைத் தாண்டியிருக்கும். அவளுடைய முப்பாட்டனாருக்கும் முந்தைய ஒருவர் மதராசில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். எங்கள் பட்டம் அங்கே போய், நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிக்கொண்டு, குடும்பப் பெயராக நின்றிருந்தது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அண்ணன் உடனே முறை போட்டுவிட்டார். அவளுடைய அப்பா எங்களுக்கு அண்ணன் தம்பி முறை, அதனால் நான் அவளுக்கு அத்தை. அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். அதில் அத்தை என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள்.

ஒரு சின்னத் தகர டப்பாவில் அரிசி கொண்டுவந்திருந்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் அவளுடைய அப்பா தன் கையால் அள்ளிப் போட்டுக் கொடுத்தது. நம் பெயர்க்காரர்களின் பானையில் இதைச் சேர்த்துவிட்டு வா, அது சோறாகி இலைக்குப் போவதை எனக்குக் காட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கடல் கடந்து வந்த பங்காளி அரிசி என்று அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரே வாங்கிப் பானையில் போட்டார், வீடியோ எடுத்துக் குழுவுக்கும் அனுப்பினார்.

நான் வயல் பம்புசெட்டடியிலிருந்து களிமண் எடுத்துவந்து இலை ஓரத்தில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இப்படித்தான், வருஷத்துக்கு ஒரு நாள் கொல்லைப்புறத்தில் இலை போட்டு மண் வைப்போம் என்றாள். எதற்கென்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற பங்காளிகளுக்கு நான் தமிழில் சொன்னேன்.

இந்த ஊர் மிராசு வீட்டில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பண்ணையாட்கள் இருந்தார்களாம். வெள்ளம் வந்து கரை உடைந்தபோது மூத்தவர் உடைப்பில் இறங்கி மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். ஓர் உயிரை வாங்காமல் உடைப்பு நிற்காது என்று மேலே இருந்தவர்கள் முடிவு பண்ணினார்கள். அவர் கையில் எடுத்த மண்ணை வைப்பதற்குள் அவர் தலைமேல் மண்ணைத் தள்ளிவிட்டார்கள். கரை நின்றது. கரையை நிறுத்தியவர் என்று ஜனங்கள் செத்தவரைச் சொன்னார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் தம்பியையும் கூப்பிட்டார்கள். அடுத்த வெள்ளத்துக்கு யாரை இறக்குவார்கள் என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. நடந்தே மதராசுக்குப் போய்க் கப்பலேறினார். பெயர் கேட்ட இடத்தில், கையில் இருந்த ஒரே சொத்து என்று இதைச் சொன்னார். இங்கே அதே பெயர் மிராசு வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு, பட்டமாயிற்று. கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். தம்பி கரையில் விட்டுவிட்டுப் போன அண்ணனுக்கு யாராவது சோறு வைக்கிறார்களா என்று பார்த்து வரச்சொல்லித்தான் அவளை அப்பா அனுப்பியிருந்தார்.

பிறகு ஒரு பங்காளி, பெரியவர், இந்தச் சோற்றைக் கொட்டிவிட்டு வேறு அரிசி போடலாம் என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். நம் பானையில், பண்ணையாட்கள் குடியிருக்கும் கீழத்தெருவின் அரிசி விழுந்துவிட்டது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. வேகிற சோற்றில் எது யார் அரிசி என்று பிரிக்க முடியாது. அதெல்லாம் கட்டுக்கதை என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். அப்படியென்றால் இந்த மண் என்ன என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு வார்த்தை புரியாவிட்டாலும், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பங்காளி பானையை நோக்கிப் போனது புரிந்தது. அவள் கையிலிருந்த போனில் அவளுடைய அப்பா, மூக்கில் குழாயோடு, கண்ணை இமைக்காமல் இலைக்காகக் காத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பானைக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கொட்டுங்க. அப்படியே கேட்டுல இருக்கிற கல்லையும் பேத்துக் கொண்டாந்து ஆத்துல போட்டுடுங்கண்ணே. சோறு வேணாம், பேரு மட்டும் வேணுமா?"

பங்காளிகள் மத்தியில் அண்ணனை நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "இலையக் கொண்டாம்மா" என்றார். தன் கையாலேயே சோற்றை அள்ளி வைத்தார். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள், அவர் தடுக்கவில்லை.

இலையை நான் கொண்டு போகிறேன் என்று அந்தப் பெண் கையை நீட்டினாள். பட்டம் உள்ளவர்கள் போகக்கூடாது, பின்னாலேயே வந்துவிடும் என்று விளக்கினேன். வந்தால் என்ன, எங்கள் தாத்தாதானே என்றாள். இருவருமாகப் போனோம். மதகுக்குப் பக்கத்தில் இலையை வைத்து, போனைத் திருப்பி அப்பாவுக்குக் காட்டினாள். அவர் ஏதோ முனகினார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சரிவில் இறங்கும்போது சேற்றுக்கால் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், என் கையை இறுக்கிப் பிடித்தாள். பார்க்காதே என்றேன். அவள் நின்றாள், கையை விட்டாள், திரும்பினாள். நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அப்பா சொல்லிக்கொடுத்த தமிழோ, அவளாகச் சேர்த்ததோ, தெளிவாகச் சொன்னாள்.

"வாங்க தாத்தா. வீட்டுக்குப் போவோம்."

மறுபடி நடந்தோம். தோப்பு வேலி வந்தது. சத்தம் அங்கே நிற்கவில்லை. அவள் கார் நின்ற இடம் வரைக்கும் எனக்குக் கேட்டது.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த சில நாளில் அவளுடைய அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அண்ணன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது பம்புசெட்டில் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார். பங்காளித் தீட்டுக்குத்தான் அப்படி முழுகுவது.

இந்த மாசியில் மறுபடி படையல். கூட்டம் குறைவு. அண்ணன் இலை போடச் சொன்னார், நானும் வழக்கம்போல மண் எடுத்து வைத்து மதகுக்குக் கொண்டு போனேன். திரும்பிச் சரிவில் இறங்கினேன். பின்னால் ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடியது, பனைமட்டை உரசியது. நின்று பார்த்தேன், மெதுவாக நடந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பயந்ததைவிட அது இல்லாததற்கு அதிகம் பயந்தேன். முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். மதகு இருந்தது, இலை இருந்தது, ஒரு காக்கை மண்ணை ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. யாரோ இறந்துபோன செய்தி கேட்டதுபோல அங்கேயே நின்று அழுதேன்.

வேலியோரம் அண்ணன் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"திரும்பிப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. அவரு இல்ல. போயிட்டாரு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி, காய்ந்து கிடந்த ஆற்றையும் அதன் கரையையும் பார்த்துக்கொண்டே நின்றார். கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் வயல், அதற்குப் பின்னால் கீழத்தெரு, அதற்கும் பின்னால் ஊர்.

"மேட்டூரு தொறந்து தண்ணி வந்துச்சுன்னா," என்றார் மெதுவாக, "கரைய இனிமே யாரும்மா நிறுத்துறது?"