திருச்சுழிக் கரிமூட்டமும் மாப்பிள்ளையின் முதல் டம்ளரும்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என் தங்கச்சி ரோசம்மாவின் வீட்டுக்காரர் சவரிமுத்து ஒரு நாள் குடியை விடுவார், விட்டால் பிறகு தொடமாட்டார் என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டுவிட்டாலும், ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள். மாப்பிள்ளை குடிக்காமல் மூன்று மாதம் ஓடியிருந்தது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் முதல்முறையாகச் சொந்தத்தில் கரிமூட்டம் போட்டிருந்தார். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பைக் கனியவிட்டு ஒன்பது நாள் காவல் காத்தால் கரி. சனிக்கிழமை பிரிக்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரிக்கிற நாளில் பாட்டில் வரவேண்டும், முதல் டம்ளரை மூட்டத்துக்காரர் குடிக்கவேண்டும்.

“அண்ணே, அவுக வைராக்கியமாத்தான் இருக்காக. ஆனா நாளைக்குக் கையிலயே குடுத்துருவாக. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்,” என்றாள்.

“வாரேன். நீ உலையை மட்டும் வையி,” என்றேன்.

காலை 5.40க்கு மாட்டுத்தாவணியில் பஸ். அருப்புக்கோட்டைக்கு 50 கிலோமீட்டர், நான் கொடுத்தது 45 ரூபாய். பஸ் பறந்த வேகத்தில் காரியாபட்டியை நான் பார்க்கவே இல்லை (தூங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்). அதற்கு முன்னும் பின்னும் மடியில் பைபிளை விரித்து, மாப்பிள்ளைக்குச் சொல்லவேண்டிய புத்திமதிகளை வரிசைப்படுத்தினேன். உதடு அசைந்திருக்கும்போல. போனில் தெலுங்கில் பேசி முடித்த பக்கத்து சீட்டுத் தறிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பிரசங்கம் யாருக்குண்ணே?”

“எங்க மாப்பிள்ளைக்கு.”

“பாவம்ணே அவரு,” என்றவர் பாளையம்பட்டியில் இறங்கிக்கொண்டார்.

6.55க்கு அருப்புக்கோட்டை. நாலு இட்லி (எட்டு என்று தங்கச்சியிடம் சொன்னேன்). 7.20க்குத் திருச்சுழி பஸ், 18 ரூபாய், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அங்கிருந்து வீரசோழன் சாலையில் ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், 20 ரூபாய். இரண்டு பக்கமும் கருவேலம், நடுவே தார், மேலே என்னை மட்டும் குறிவைத்த வெயில்.

“கரிமூட்டத்துக்கா போறீக, வெள்ளை வேட்டியோட?” என்றார் ஆட்டோக்காரர்.

“கரியும் ஒரு நாளைக்கு வெள்ளையைப் பாக்கட்டும்,” என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது மூட்டத்தின் ஒரு பக்கம் பிரித்திருந்தார்கள். மாப்பிள்ளையோடு நாலு ஆட்கள், மூத்தவர் முனியாண்டி. எனக்கும் கரித்தொழில் தெரியும் என்று காட்டுவதற்காக ஒரு கம்பை எடுத்துப் பிரிக்காத பக்கத்தில் குத்தினேன். பனைமர உயரத்துக்குத் தீ எழுந்தது. முழங்கால் உயரம் என்று பிறகு தங்கச்சி சொன்னாள், அவள் அப்போது அங்கே இல்லவே இல்லை. மாப்பிள்ளை திட்டவில்லை. இரண்டு கை ஈரமண்ணை அள்ளி அந்த ஓட்டையில் அப்பினார். உதடு அசைந்தது.

“என்ன மாப்ளே, என்னையத்தான வையிறீக?”

“இல்ல மச்சான். செபம். வெடிப்பு வழியா ஒரு விரக்கடை காத்துப் போனாலும் அம்புட்டும் சாம்பலு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சுத்தி வருவேன். வெடிப்புத் தெரிஞ்சா மண்ணை அப்பிட்டு ஒரு அருள்நிறை மரியே. குடி ஞாபகம் வந்தா அதுக்கும் ஒண்ணு.”

“இப்ப வெடிப்புக் குறைஞ்சிருக்குமே?”

“மூட்டத்துல குறைஞ்சிருச்சு,” என்றவர் கரிக்கையால் நெஞ்சைத் தொட்டார். “இங்க இன்னைக்குக் காலையிலருந்து நெறையா.”

நான் பைபிளைப் பைக்குள் வைத்தேன். விசுவாசம் என்றால் கூட்டத்தில் கையை உயர்த்திப் பாடுவது என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேன். இந்த மனிதர் அதை ஒரு கை மண் அளவில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்.

பன்னிரண்டரைக்குக் கரி முழுதும் வெளியே வந்தது. நல்ல கரி, தட்டினால் வெண்கலச் சத்தம். முனியாண்டி சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

“மொத டம்ளரு மொதலாளிக்கு. இல்லைன்னா அடுத்த மூட்டத்துக்கு ஆகாது.”

“அண்ணே, அவரு சாமியாருக்குப் படிக்கப் போறாரு. தொந்தரவு பண்ணாதீக,” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் நான் எழுந்து, அவர் தலைமேல் கைவைத்து, திருச்சுழிவரை கேட்கும்படி செபம் சொன்னேன். மாப்பிள்ளை டம்ளரை முனியாண்டியிடமே திருப்பி நீட்டினார்.

“நீங்க குடிங்கண்ணே. நான் ஒருசந்தி.”

“விரதமா? எப்ப முடியுது?”

“ஈஸ்டருக்கு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும் ஒருசந்திதான்.”

முனியாண்டி தலையைச் சொறிந்தார். “சாமி காரியம், சரி,” என்று தானே குடித்தார்.

ஒரு மணிக்கு ரோசம்மா சோற்றுத் தூக்கோடு வந்தாள். கன்னத்துக் கரியைத் துடைக்கிற சாக்கில் புருசன் முகத்துக்குப் பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் வந்து சேருங்கள், தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். வெள்ளை உடுத்தாதீர்கள். மூட்டத்தைக் கம்பால் குத்தாதீர்கள். திரும்ப நான் ஏறியது திருச்சுழியில் மாலை 4.10 பஸ். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் போராடிக்கொண்டிருந்தால் புத்திமதி கொண்டுபோக வேண்டாம். போய் ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், ஒன்று உறுத்துகிறது. டம்ளர் நேரத்தில் நான் எழுந்து செபம் சொன்னதாக எழுதியது நானாகச் சேர்த்தது. நான் எழுந்திருக்கவே இல்லை. செபத்தில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்தது அவராகவேதான். கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கை நடுங்குது மச்சான், பிடிச்சுக்கங்க.”

“யாரு கையி மாப்ளே?”

“ரெண்டு பேரு கையும்தான்,” என்றார். அவர் அருள்நிறை மரியே சொல்லச் சொல்ல, நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.