பத்தாயிரத்துக்கு ஒரு வருஷம்

வாடகைக் கார் டிரைவரிடம் என் மனைவி மன்னிப்புக் கேட்ட அன்றைக்குத்தான், சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு இலஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோட்டைவாசல் தாண்டி மலை இறங்கும்போது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் கவரைப் பிரிப்பதற்குள் பாதி சீட்டில் விழுந்துவிட்டது. டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அவள்தான் சேலைத் தலைப்பால் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "மன்னிச்சிருங்க தம்பி, தெரியாம ஆயிப்போச்சு" என்று செங்கோட்டை வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டவள் இல்லை அவள். என்னாலும் கேட்க வைக்க முடிந்ததில்லை. யாரோ ஒருவனிடம் அவள் அப்படிக் கெஞ்சியது எனக்குத் தாங்கவில்லை. அவனுக்கு வாடகையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் வாசல் கேட்டை ஓங்கி அடைத்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தென்காசியில் பாதித் தெருவுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் மின் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர் பெட்டிக்கு முன்னால் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தால்கூட வாசலிலேயே நின்று சத்தம் போடுவேன். ஒரு யூனிட்டைக் கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். கண்ணில் பார்த்ததுதான் கணக்கு. அந்தத் திமிரோடுதான் இத்தனை காலமும் ஓட்டினேன்.

போன வருஷம் அவளுக்குக் குடலில் புற்று என்றார்கள். கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். டாக்டர் மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். எத்தனை நாளைக்கு இப்படி ஏற்ற வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன். "மருந்து கேக்கிற வரை கொடுக்கலாம்" என்றார். எத்தனை நாள் கேட்கும் என்று கேட்டேன். "நோக்காம்" என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் நோக்காம் என்றார். மீட்டரே இல்லாத வீட்டில் போய் ரீடிங் எடுக்க நிற்கிறவன் மாதிரி அவர் முன்னால் நின்றேன்.

வண்டி தேடும்போதுதான் அச்சன்புதூரில் ஒருவர் கார் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருந்தார். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை ஒட்டின ஷெட்டில் ஒன்றுக்கு இரண்டு வண்டி நின்றது. டீசல் அவருடையது. பெட்ரோல் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் அதையும் கொடுக்கப் போவதாகச் சொன்னார். இரண்டும் ஒரே அளவு, ஒரே வயது. டீசலுக்கு மட்டும் ஒரு லட்ச ரூபாய் கூட.

நான் வழக்கம்போல மீட்டரை நம்பவில்லை. கிலோமீட்டர் குறைவாகக் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரைக் குனிந்து பார்த்தேன், தேயவில்லை. ஸ்டியரிங்கின் தோலைத் தடவினேன், வழவழப்பு ஏறவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தேன், புகை வரவில்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், மாசம் எவ்வளவு ஓட்டம் இருக்கும்?"

"எதுக்குக் கேக்கிய?"

"இல்ல சார், நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணிரக் கூடாதுல்லா. டீசல் வண்டி ஓடுனாத்தான் கூடக் குடுத்த காசு திரும்பும். நான் வருசத்துல ஒரு மாசம் லீவுல வாரவன், எனக்கு எதுக்கு டீசல்? நிக்கவும் கூடாது அது, வாரத்துல ஒரு நாளாவது ஓட்டணும். நீங்க எத்தன வருசம் வச்சிருப்பிய?"

விற்க வந்தவர் வாங்காதே என்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

கணக்கு என் மண்டைக்குள் தானாக ஓடியது. பெட்ரோலை விட டீசலில் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சமாகும். ஒரு லட்சம் திரும்ப நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். திருவனந்தபுரம் போய்வந்தால் இருநூற்று முப்பது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு நாலாயிரம் தேறும். அப்படியானால் பத்து வருஷம். பத்து வருஷம் அவள் மருந்துக்குப் போய்வந்தால், டீசல் வண்டிக்குக் கூடக் கொடுத்த காசு திரும்பிவிடும்.

ஷெட்டின் ஓரத்தில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் என்னை விட வேகமாகப் போடுகிறவள். அவளும் போட்டு முடித்துவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"இங்கேருங்க, பெட்ரோலே போதும்" என்றாள். "அதுக்கு மேல நமக்கு எதுக்கு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் அரைக் கிலோ போதும் என்பது மாதிரி. டாக்டர் சொல்லாத பதிலை இவள் சொல்லிவிட்டாள். பெட்ரோல் வண்டியை வாங்கினால் நானும் அதற்குச் சரி என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"டீசல்தான்" என்றேன்.

கத்தரிக்காய்க்கே பேரம் பேசுகிறவன், ஐந்து ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அவரே மனசு கேட்காமல் இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்து, டீசல் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஓசூரில் இருக்கும் மகன் போனில் கத்தினான். "மூணு வாரத்துக்கு ஒரு ட்ரிப் போறதுக்கு யாராவது டீசல் வாங்குவாங்களாப்பா?" உன் வேலையைப் பார் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு வரும்போது அவள் ஆரம்பித்தாள். "கூறு கெட்ட வேலை பாத்திருக்கிய. லட்ச ரூவாயத் தண்ணியில போட்டாச்சு."

"ஏட்டி, பத்து வருசத்துல திரும்பிரும்" என்று கத்தினேன். "பத்து வருசம் நீ எங்கூட வரணும். வேற ஒரு மயிரும் நீ செய்ய வேண்டாம்."

அவள் நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கத்தாதிய. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பிறகு.

அப்படி ஓட ஆரம்பித்தது வண்டி. விடிவதற்கு முன் கிளம்புவோம். கேரளாவில் டீசல் விலை கூட என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமே அடித்துக்கொள்வேன். திரும்பும்போது அவளுக்கு வாந்தி வந்தால் வந்தது, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கிளம்பும்போதே சீட்டில் பழைய போர்வையை விரித்துவிடுவேன். ஒருமுறை டேஷ்போர்டு எல்லாம் ஆகிவிட்டது. "உங்க டீசல் வண்டிக்கு அபிஷேகம்" என்றாள். மன்னிப்பெல்லாம் இல்லை. அதற்காகவே அந்த லட்ச ரூபாய் தகும் என்று நினைத்தேன்.

வண்டி நிற்கக் கூடாது என்று விற்றவர் சொன்னாரே, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, மருந்து இல்லாத வாரங்களிலும் சாயங்காலம் குற்றாலம் போவோம். சாரல் நாட்களில் ஐந்தருவி வரை போய் வண்டியைத் திருப்புவேன். அவள் இறங்க மாட்டாள். ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தில் சாரல் அடிக்க உட்கார்ந்திருப்பாள். வாயெல்லாம் புண், காரம் சேராது. மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தால் ஒவ்வொரு சுளையாக வாயில் ஒதுக்கிவைத்துக்கொள்வாள். நான் அவளைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டால், "என்ன ரீடிங் எடுக்கிய?" என்பாள்.

மூன்றாவது மாதம் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்றான் தென்காசி மெக்கானிக். ஓடாமல் நின்ற வண்டியானாலும் வயதாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டுமாம், இல்லையென்றால் ஒரு நாள் அறுந்து இன்ஜினையே கெடுத்துவிடும். பத்தாயிரம் ஆனது. நான் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவள் படுத்திருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்போ பதினொண்ணா?"

"எது பதினொண்ணு?"

"பத்து வருசத்துல திரும்பிரும்னியளே. இப்ப செலவு கூடிச்சுல்லா. பத்தாயிரத்துக்கு ஒரு வருசம். பதினோரு வருசம் வரணுமா நான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வியாதி வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் கிளட்ச் போனது. மலை ஏற்றத்தில் அரைக் கிளட்சில் ஓட்டுகிறீர்கள் என்று மெக்கானிக் என்மேலேயே பழி போட்டான். வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இருபதாயிரம் என்றதும் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, "ரெண்டு வருசம்" என்றேன். "பதிமூணு" என்றாள் அவள், பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே.

கணக்காகப் பார்த்தால் இது தப்பு. செலவு கூடினால் வண்டி நட்டம் என்றுதான் பொருள். அதனால் யாருடைய ஆயுளும் கூடிவிடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு யூனிட் தப்பாக எழுதாதவன், இந்தக் கணக்கைத் திருத்தவில்லை. டயர் எப்போது தேயும், பேட்டரி எப்போது போகும் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். மருந்து இப்போது கேட்கவில்லை என்றார். இதற்கு மேல் ஏற்றினால் உடம்பைத்தான் படுத்தும், கட்டியை ஒன்றும் செய்யாது. வலிக்கு மாத்திரை எழுதுகிறேன், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், தென்காசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். இந்தத் தடவை அவர் நோக்காம் என்று சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்தார்.

அன்றைக்கு மருந்து ஏற்றாததால் திரும்பும்போது அவளுக்கு வாந்தி இல்லை. போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. தென்மலை, ஆரியங்காவு, கோட்டைவாசல் எல்லாம் கடந்தோம். இந்த ரோட்டில் இனி எனக்கு வேலை இல்லை என்ற நினைப்பு வளைவுக்கு வளைவு வந்துகொண்டே இருந்தது. புளியறை சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கேருங்க. முன் வீல்ல ஏதோ சத்தம் வருது. கேக்குதா உங்களுக்கு?"

ஏசியை அணைத்தேன். ஜன்னல்களை இறக்கினேன். வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுத்தேன். காற்றுச் சத்தம் கேட்டது. டயர் ரோட்டில் உருளுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்தேன். நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கேக்குது" என்றேன். "வீல் பேரிங் போயிருக்கும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஒரு பக்கத்துக்கு நாலாயிரம். அஞ்சு மாசம் வரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டு பக்கமும் மாத்திருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஒரு சத்தமும் இல்ல. நல்ல சாமான எதுக்கு மாத்தச் சொல்லுதிய?"

"மாத்துலே" என்றேன். "ரெண்டு பக்கமும்."