பெட்டியக்காவின் வெப்சைட்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியபடியே இன்னொரு கையால் செல்போனைத் தட்டுகிறார் பெட்டியக்கா. தன் கடையின் வெப்சைட் திறக்கிறதா என்று பார்க்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் அது திறந்துவிடுகிறது. நீலநிற சூட்கேஸின் படம், ‘சக்கரம், கைப்பிடி, ஜிப் எதுவானாலும் சரிசெய்து தரப்படும்’ என்ற வரி, கடைக்கு வரும் வழி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். இவரோ, “இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு,” என்று அலுத்துக்கொண்டு மீதி ஷட்டரைத் தூக்குகிறார்.

பயணப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். நாலு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும் கடை. சுவர் முழுக்கக் கழற்றிய சக்கரங்கள், இழுத்தால் வராத கைப்பிடிகள், பல் போன ஜிப்புகள். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே கடை முழுக்கத் தேடுவார். பூட்டின் எண்ணை மறந்துவிட்டு வருகிறவர்களிடம் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார். “பூட்டும்போது யாரை நெனச்சீங்களோ, அவங்க பொறந்த நாளைப் போட்டுப் பாருங்க,” என்பார். மனைவி பக்கத்தில் நிற்க, வேறு ஏதோ எண்ணில் பூட்டு திறந்து, அசடு வழிந்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

சரிசெய்த பெட்டியை ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. உள்ளே பழைய செய்தித்தாள் கட்டுகளை அடைத்து, கடையிலிருந்து தெருமுனை வரை கடகடவென்று இழுத்துப் போய்த் திரும்புவார். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஊருக்கா?” என்று கேட்பார்கள். “ஆமா, முக்கு வரைக்கும்,” என்பார். போகிற நடையைப் பார்த்தால் நிஜமாகவே எங்கோ கிளம்பிவிட்டவர் போலத்தான் இருக்கும். திரும்பி வரும் நடையில் அந்த வேகம் இருக்காது.

வெப்சைட், மகன் கல்லூரியில் படித்தபோது செய்துகொடுத்தது. அதை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனியையும் அவன்தான் பிடித்தான். கையில் காசில்லாத வயதில் பிடித்த கம்பெனி எப்படி இருக்கும்? சைட் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். பிறகு அவன் வேலை கிடைத்து வெளிநாடு போனான். கணவர் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்ததால் வீட்டில் மிஞ்சியது இவர் ஒருவர்தான். அவன் கொண்டுபோன பெட்டிக்குச் சக்கரம் மாற்றிக் கொடுத்தவரும் இவரே. “மட்டமான சக்கரமா போட்டிருக்கணும் தம்பி. நல்லதா பாத்துப் போட்டேன், போயிட்டான்,” என்று பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

மகன் பாசமில்லாதவன் அல்ல. ஆனால் சும்மா கூப்பிட்டால், எடுத்ததும், “என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?” என்பான். “ஒண்ணுமில்லப்பா,” என்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பிரச்சினை இருந்தால்தான் பேச முடியும். அந்தப் பிரச்சினையை வெப்சைட் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சைட் படுத்த அன்று பெட்டியக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிற நாளில் யாருக்காவது முகம் அப்படி மலருமா? போனைக் காதில் வைத்துக்கொண்டு, “டேய் கண்ணா, படுத்துடுச்சுடா,” என்று தொடங்குவார். அவன் அங்கிருந்தபடியே எதையோ நிறுத்தி எதையோ மறுபடி கிளப்புவான். அது எழுந்து வரும்வரை இருவரும் காத்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் என்ன சாப்பிட்டான், அங்கே குளிர் எப்படி, முதுகுவலி போனதா, எல்லாமே. நடுநடுவே, “இப்ப பாரும்மா, வருதா?” என்பான். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் கண்ணெதிரே நீலப் பெட்டி பளிச்சென்று வந்து நிற்கும். “இன்னும் வரலப்பா,” என்பார் பெட்டியக்கா. “எனக்கு வருதேம்மா.” “எனக்கு வரலயே.” பிறகு இன்னும் கொஞ்சம் குளிர், இன்னும் கொஞ்சம் முதுகுவலி.

ஒருநாள் அவன், “நல்ல கம்பெனியா பாத்து மாத்திடலாம்மா. எப்பக் கூப்பிட்டாலும் ஆள் இருப்பாங்க. நீ என்னைத் தேடவே வேண்டாம்,” என்றான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மூன்று கம்பெனிகளின் பெயரையும் அனுப்பி, விசாரித்து நீயே முடிவு செய் என்றான். “சரிப்பா,” என்று ஈனஸ்வரத்தில் சொன்னார் பெட்டியக்கா.

விசாரணை தொடங்கியது. முதல் கம்பெனியைக் கூப்பிட்டார். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்று ஒரு இயந்திரக் குரல் சுற்றிச் சுற்றி அலைக்கழித்தது. இரண்டாவது கம்பெனியில் மணி ஒலித்த உடனே ஒரு இளைஞன் எடுத்தான். பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினான். “சைட் விழாதும்மா. விழுந்தாலும் உங்களுக்குத் தெரியறதுக்குள்ள நாங்களே சரி பண்ணிடுவோம்,” என்றான். போனை வைத்த பெட்டியக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. மூன்றாவது கம்பெனியில் யாருமே எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்காதபோது அவருக்கு அந்தக் கம்பெனி மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அதைப் பற்றி இணையத்தில் மற்றவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் தேடிப் படித்தார். திட்டி எழுதியவற்றை மட்டும் கண்ணாடிக் கடைக்காரருக்கு வாசித்துக் காட்டினார். “பாருங்க தம்பி, ஒரு வாரம் சைட்டே வரலையாம்.”

“அப்ப அது வேண்டாம்க்கா.”

“அதெப்படி ஒரே வார்த்தையில வேண்டாம்னுட முடியும்?”

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு அலச மாட்டார்கள் என்று கண்ணாடிக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மகனிடம், மூன்றாவதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் பெட்டியக்கா.

“அம்மா, அது மகா மட்டம்மா. எல்லாரும் திட்டறாங்க.”

“எல்லாரும் திட்டறாங்கன்னா எல்லாரும் அதைத்தானே வச்சிருக்காங்க.”

அவன் சிரிக்கவில்லை. “போன தடவை நீ கூப்பிட்டப்ப மீட்டிங்கை விட்டு வெளிய வந்து நின்னேம்மா. வரல வரலன்னு சொல்லிட்டே இருந்த. உள்ள எனக்காகக் காத்துட்டிருந்தாங்க. அப்புறம் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னான். அந்தக் களைப்புதான் பெட்டியக்காவைச் சுட்டது. தன் ஆசைக்குப் பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரே பெட்டிக்கு ஒரே சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கடை சாத்துமுன் அவனுக்குச் செய்தி அனுப்பினார். “ரெண்டாவது கம்பெனியே இருக்கட்டும்பா. அந்தப் பையன் நல்லா பேசினான்.” பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் ஒன்று வந்தது.

அன்று முதல் சைட் படுக்கவே இல்லை. நம்பி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், கடையிலும் வேலைக்குக் குறைவில்லை. எப்போதாவது மகனே கூப்பிடுகிறான். “சைட் எப்படிம்மா இருக்கு?” “அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு.” “சரிம்மா, வச்சிடட்டா?” வைத்துவிடுகிறான். ஒருமுறை பெட்டியக்காவுக்கு அந்த இரண்டாவது கம்பெனி இளைஞனையாவது கூப்பிடலாமா என்று தோன்றியிருக்கிறது. அவனும் எடுத்ததும், “என்ன பிரச்சினைம்மா?” என்றுதானே கேட்பான் என்று விட்டுவிட்டார்.

இன்று மதியம் ஒரு சிவப்புப் பெட்டி தயாராகிவிட்டது. செய்தித்தாள் கட்டுகளை அடைத்து, கடகடவென்று இழுத்துக்கொண்டு கிளம்புகிறார். “ஊருக்கா?” என்கிறார் எதிரே வந்த யாரோ. “முக்கு வரைக்கும்.” முனையில் பெட்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, செல்போனை எடுத்து முதலில் அதன் இன்டர்நெட்டை அணைக்கிறார். பிறகு கடையின் வெப்சைட்டைத் தட்டுகிறார். வெள்ளைத் திரையில் ‘பக்கத்தைத் திறக்க முடியவில்லை’ என்று வருகிறது. பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறார். எண் எதையும் அழுத்தாமல் போனை மெல்லக் காதில் வைத்து, “இன்னும் வரலப்பா,” என்கிறார்.