வாசல் கூட்டிய ஏரியல்

விளக்குமாற்றுக் குச்சியை டேங்கியின் தலையில் நட்டவள் என்று என்னைப் பற்றிச் சிரித்தவர்கள் சுங்கைப்பட்டாணியில் உண்டு. சிரிக்கட்டும். அந்தக் குச்சியை நான் இன்றுவரை பிடுங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். நான்கு சக்கரம் வைத்த கவச வண்டி. படித்தவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். கோலா கெத்தில் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், இரும்புத் தகடு அடித்த எந்த வண்டிக்கும் டேங்கி என்றுதான் பெயர். பென்ஷனில் வந்த பிறகு அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, சாயம் பூசிச் சின்னச் சின்ன டேங்கிகள் செய்வார். அலமாரியில் பதினொன்று நிற்கின்றன. பன்னிரண்டாவது, அவரே ஓட்டிய வண்டி. அதைத் தொட்ட வருஷம்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

டவுன் பேரங்காடி ஒன்றில் மாடல் கண்காட்சி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். நல்ல மாடல்களை நடு மேசையில் வைப்பார்கள், மற்றவை சுவரோரம். தன் வண்டி நடு மேசையில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாய் திறந்து சொல்லவில்லை. இதற்குப் பிறகு இன்னொன்று செய்ய இந்தக் கை விடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்து ஏரியல் மட்டும் மிச்சம். ரேடியோவில் பேசுவதற்கு வண்டியின் மேல் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கம்பி. பெட்டியோடு வந்த ஏரியல் தடி மாதிரி இருந்தது. அந்தக் கனத்தில் நிஜ வண்டிக்கு வைத்தால் அது தெருவிளக்குக் கம்பம். அதனால் அவர் பிளாஸ்டிக் துண்டை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் இழுத்து, மயிர் போல் நூலாக்குவார். கை நிலையாக இருந்தால்தான் அது நேராக வரும். மூன்று நாள் இழுத்தார். எல்லாம் புழு மாதிரி நெளிந்து வந்தது.

“ஏரியல் இல்லாமயே போவட்டும்” என்றார்.

“ஊமை வண்டியாவா?”

அவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். அன்றைக்கு அவர் வேலை செய்யும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

முதலில் தூண்டில் நரம்பை வைத்துப் பார்த்தேன். சுருளிலேயே கிடந்து பழகியது, எவ்வளவு நீவினாலும் சுருண்டது. கித்தார் கம்பி வாங்கி வரச் சொன்னேன். நேராகத்தான் நின்றது, ஆனால் அடியும் நுனியும் ஒரே கனம். நிஜ ஏரியல் அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நான் கிட்டத்தில் பார்த்தவள்.

மறுநாள் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் கையில் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தேன். தென்னை ஈர்க்கு. லிடி என்று இங்கே எல்லாரும் சொல்வது. அடியில் தடித்து நுனியில் மெலிந்து, கடவுள் செய்து வைத்த ஏரியல்.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் வண்டியில வெளக்கமாத்துக் குச்சியா? எந்த நாட்டுலயாச்சும் இருக்கா? அதுக்கு அதாலயே என்னை ரெண்டு போட்டுரு!”

“போடத்தான் போறேன், மொத வண்டி முடியட்டும்.”

“பாக்குறவன் என்னா சொல்லுவான்?”

“ஏரியல்னு சொல்லுவான்.”

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். தரையில் படாத புது விளக்குமாறு என்றால் சம்மதம். யான் என்ற ஊருக்குப் போன ஒரு நாள் ரோட்டோரத்தில் புதிதாக ஒன்று வாங்கினோம். அதன் ஈர்க்குகள் பச்சை. சீவி வைத்தால் காய்ந்து முறுக்கிக்கொண்டன. வாசல் விளக்குமாறோ பல வருஷமாகக் காய்ந்தது. மண்ணில் தேய்ந்து தேய்ந்து நுனி ஊசியாகி, என் வலது கைக்கு ஏற்றாற்போல் எல்லாக் குச்சியும் ஒரே பக்கம் வளைந்திருந்தது. எனக்கு வேண்டியதும் அந்த வளைவுதான். ஒரு குச்சியை உருவி, கழுவி, வெயிலில் வைத்தேன். அவரிடம் புதுசு என்று சொன்னேன். பொய்தான்.

பிளேடால் சீவினேன். நாற்பது வருஷம் பால்மரம் சீவியவள் நான். பட்டையை எவ்வளவு எடுத்தால் பால் வரும், எவ்வளவு எடுத்தால் மரத்தில் காயம் விழும் என்பது என் விரலுக்குத் தெரியும். என் நடுவிரல் நீளத்துக்கு அறுத்தேன். பழைய வயரின் செம்புக் கம்பியில் ஒரு இழையை ஊசியில் ஏழு சுற்றுச் சுற்றி, அடியில் ஸ்பிரிங் மாதிரி மாட்டினேன். பச்சைச் சாயம் பூசி, வண்டியின் முன்பக்கம் நட்டு, நுனியைப் பின்பக்கமாக வளைத்து, சிவப்பு நூலால் வண்டியின் பின்கொக்கியில் கட்டினேன். அவர் அந்த நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கண்காட்சியில் மாடல்களைப் பார்த்து எதை எந்த மேசையில் வைப்பது என்று பிரிக்கிறவர் நம் தமிழ் ஆள்தான். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் அட்டை, கையில் பூதக்கண்ணாடி. குனிந்து குனிந்து பார்த்தார்.

“வேலை சுத்தம் லா, அங்கிள். ஏரியல்தான் சாலா, தப்பு. வளைஞ்சி போச்சி. நேரா நிக்கணும். இது என்னா, லிடியா?”

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“அதோட செவப்புக் கயிறு! எந்த ஆர்மியில அங்கிள் செவப்புக் கயிறு கட்டுவான்? நான் பாக்காத போட்டோ இல்ல. இதக் கழட்டிட்டு பெட்டியில வந்தத ஒட்டிருங்க, நடு மேசையில வைக்கிறேன். இப்புடியேன்னா சுவரோரந்தான்.”

என் வீட்டுக்காரர் நடுங்கும் கையை ஏரியல் பக்கம் கொண்டு போனார். அந்தக் கையை நான் பிடித்தேன்.

“தம்பி, ரப்பர் காட்டுக்குள்ள டேங்கி போயி பாத்திருக்கீங்களா?”

“போட்டோல…”

“போட்டோல கெளை இடிக்காது. எங்க தோட்டத்துல மரத்துக்கு மரம் கெளை. ஏரியல் மாட்டி மாட்டி இழுக்கும். அதுக்குத்தான் வளைச்சிக் கட்டுறது. ஒருநா காலையில கட்டியிருந்த கயிறு அந்துபோச்சி. வண்டிய நிறுத்திட்டு ஒரு சோல்ஜர் எறங்கி வந்தாரு. பாலுக்கு மரம் வெட்டிக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட, கயிறு இருக்கான்னு கேட்டாரு. தலையில கட்டியிருந்த சாரோங்குத் துணியக் கிழிச்சிக் குடுத்துச்சி. செவப்புத் துணி. கட்டத் தெரியாம முழிச்சாரு. அந்தப் பொண்ணே ஏறிக் கட்டிவிட்டுச்சி.”

“நீங்க பாத்தீங்களா, ஆண்ட்டி?”

“கட்டுனவளே நாந்தான்.”

அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

“பெத்துல், சரிதான்” என்றார் இவர். “செவப்புதான்.”

சிரித்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்தத் தம்பி சுவரோர மேசையை ஒருமுறை பார்த்தார், நடு மேசையை ஒருமுறை பார்த்தார்.

“எங்க வேணும்னாலும் வைங்க. ஏரியல்ல மட்டும் கை வைக்கக் கூடாது” என்றேன்.

கடைசியில் நடு மேசையின் ஓரத்தில் இடம் விட்டார். “ஆனா என்னா சாமான்ல செஞ்சதுன்னு கார்டுல எழுதணும், ஆண்ட்டி. பாக்குறவங்க கேப்பாங்க. லிடின்னு நான் எழுதிறட்டுமா?”

“பேனாவக் குடுங்க.”

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து எழுத்தாக, பெரிதாக எழுதினேன்: பழைய விளக்குமாரு.

“கடைசி எழுத்து பெரிய று வரணும், ஆண்ட்டி” என்றார் அந்தத் தம்பி மெதுவாக. “வேற கார்டு தரவா?”

“வேணாம். ஏரியல் சரியா இருக்கில்ல?”

“சரிதான்.”

“அப்ப அது போதும்.”

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கார்டைப் படித்தார். எழுத்துப் பிழை அவர் கண்ணில் படவில்லை. முதல் வார்த்தையில் விரலை வைத்தார்.

“பழையவா? புதுசுன்னு சொன்னே?”

“சொன்னேன்.”

“வாசக் கூட்டுனதா?”

“தெனம் ரெண்டு வேளை கூட்டுனது.”

அவர் தன் வண்டியை, அதன் மேல் வளைந்து நின்ற ஏரியலை, சிவப்பு முடிச்சைப் பார்த்தபடி நின்றார். பிறகு கார்டை எடுத்து, வருகிறவர்கள் நேரே படிக்கும்படி வண்டியின் முன்னால் நகர்த்தி வைத்தார். நடுங்கிய கை வண்டியில் பட்டது. ஏரியலின் நுனியும் கூடவே கொஞ்சம் ஆடியது, நிஜ வண்டியில் ஆடுவது போலவே.