சிவப்புத் தட்டில் நல்ல வளையங்கள்

பிள்ளைகளே, உங்களுக்குக் கன்னடம்தான் வேகமாகப் படிக்க வரும். இதை மெதுவாகவாவது தமிழிலேயே படியுங்கள். நடுவில் ஒரு மாதம் அப்பா வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லையே, அதற்குக் காரணம் இதுதான்.

ஹெப்பாளில் எங்கள் கம்பெனி ரப்பர் வளையம் செய்கிறது. வளையங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் பெண்களுக்கு நான் லைன் லீடர். அந்த வேலைக்குக் கேமரா மெஷின் ஒன்று வந்தது. அவர்கள் நல்லதை நீலத் தட்டிலும் பழுதைச் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும்; அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளுமாம். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். "யாருக்கும் வேலை போகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார். இவரே வந்து சொன்னால் என்ன என்று உறுத்தியது. ஆனாலும் போய்ச் சொன்னேன்.

அன்று கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட் காலியாகவே வந்தது. கொள்ளேகால்காரப் பெண் ஒருத்தி, காண்ட்ராக்டில் இருப்பவள், தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள், பின்னாலிருந்து கேட்டாள்:

"ஏனுங்ணா, ஆபீஸ் டீ கப்பும் சாசருமா வந்துச்சாமா? இனி கேன்டீன் டம்ளர்ல குடிச்சா உங்களுக்கு எறங்குங்களா?"

பஸ்ஸே சிரித்தது.

மறுவாரம் மெஷின் தாறுமாறாகப் பிரித்தது. அவளுடைய சிவப்புத் தட்டில் கையை விட்டுப் பார்த்தேன். பாதி நல்ல வளையங்கள்.

"என்னம்மா இது?"

"கண்ணு மங்கிப்போச்சுங்ணா. அதான் கேமரா வந்துருச்சுல்ல, அது பாத்துக்கும்."

யார் கலக்கிறார்கள் என்று மேனேஜர் கேட்டார். தெரியாது என்று பொய் சொன்னேன். "வேலை போகாதுன்னு எழுதி ஒட்டுங்க சார், எல்லாம் சரியாயிடும்."

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இருக்கு சார். அவங்களுக்குத்தான்..." அதுவும் பொய்தான்.

நோட்டீஸ் கன்னடத்தில் வந்தது. எல்லோருக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டேன். நிரந்தரத் தொழிலாளர் யாரும் நீக்கப்பட மாட்டார்கள் என்று இருந்தது. அதையும் அப்படியே சொன்னேன்.

"அப்ப நாங்க?" என்றாள் அவள்.

அதைக் கழற்றிக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். "காண்ட்ராக்ட் ஆளுங்க விட்டுப்போச்சு சார்." அவர் என்னையே பார்த்தார். பிறகு காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துப் பேனாவால் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். கொண்டுவந்து ஒட்டினேன்.

மறுநாள் சிவப்புத் தட்டில் பழுது மட்டுமே இருந்தது. "பேப்பர நம்பறனுங்ணா," என்றாள். "உங்களை இன்னும் இல்லீங்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அன்று ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, நான் மட்டும் திரும்பிப் போய் அந்த நோட்டீஸைப் போனில் படம் எடுத்தேன். பேனா எழுத்தும் சீலும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். சீல் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு முறை எடுத்தேன்.