சித்தப்பாவின் நாற்பத்திரண்டு கிணறுகள்

என் சித்தப்பா பம்பு மெக்கானிக். புதிய நெடுஞ்சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு, தான் இறங்கி வேலை செய்த நாற்பத்திரண்டு கிணறுகளின் ஆழமும் ஊற்று வரும் திசையும் எழுதிய நோட்டோடு வந்தார். சாலை போட்டால் எவையெல்லாம் வற்றும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் சார்பில், மக்கள் பேசுவதைப் பதிவு செய்தவன் நான். 'குறிப்பான ஆட்சேபம்' என்று குறித்தால் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். 'பொது எதிர்ப்பு' என்றால் வேண்டியதில்லை.

கிரீஸ் கறைச் சட்டையோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் மேலாளர் என் பக்கம் குனிந்தார். "கிணத்துத் தவளை கையில மைக்கைக் குடுத்தா விடுமா?"

பேசுபவர் என் சித்தப்பா என்று நான் சொல்லவில்லை. சிரித்தேன். பொது எதிர்ப்பு என்று குறித்தேன்.

மேலாளர் டீ குடிக்கப் போன பிறகு சித்தப்பா தன் பேச்சின் பதிவில் கையெழுத்துப் போட வந்தார். "கிணறெல்லாம் ஏறிடுச்சாப்பா?"

"ஏறிடுச்சு சித்தப்பா."

"அப்ப நான் எதுக்குப் படிக்கணும்? எழுதினது நம்ம புள்ளையாச்சே." கண்ணாடியைக்கூட எடுக்காமல் கையெழுத்திட்டார்.

அதன்பின் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்டார். போன மாதம் இறந்துபோனார்.

இறுதி அறிக்கை இன்று வந்தது. 'பொது எதிர்ப்புகள் முப்பத்தொன்று. பதில் தேவையில்லை.' அதில் ஒன்று அவர்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பதினாறாம் நாள் சித்தி கொடுத்தார். "உன்கிட்டயே குடுக்கச் சொன்னாருப்பா. பதில் வந்தா நீதான் சரிபார்க்கணுமாம்."

வாங்கிக்கொண்டேன்.