பதினொரு மணிக்கு முடியாத மாடி

எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு மன்னாரில் கடலுக்குப் போனவர். இப்போது நோர்வேயில், ஒஸ்லோவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். வீட்டுக்கு வருகிற கடிதங்களைச் சிறுவயது முதல் நான்தான் வாசித்துச் சொன்னேன். அதனாலோ என்னவோ, தாளில் எழுதியிருப்பது உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்குள் ஆழமாக ஊறிவிட்டது. அந்த நம்பிக்கையோடுதான் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஒரு துப்புரவு நிறுவனத்தில் சம்பளப் பிரிவுக்கு வேலைக்குச் சேர்ந்தேன்.

பிரிவு என்றால் நான் ஒருவன்தான். தொடர்மாடி ஒன்றின் நிலக்கீழ் அறை. ஒரு பக்கம் தரை துடைக்கும் சோப்புப் பெட்டிகள், மறுபக்கம் என் மேசை. முதலாளி யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரர். ஒரு காலத்தில் தானே வாளி தூக்கி, பிறகு ஒரு வான் வண்டி வாங்கி, இப்போது பதினான்கு பேருக்கு வேலை கொடுக்கிறார். எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. மாத முடிவில் பதினான்கு பேரும் தங்கள் நேரத்தாள்களைத் தருவார்கள். நான் அவற்றைக் கணினியில் ஏற்றுவேன். மூன்று வருடத்தில் ஒரு தாளிலும் வெட்டுக் கொத்து இல்லை. காலை ஆறு மணி முதல் பதினொரு மணி என்றால் மாதம் முழுக்க அதேதான்.

"என்ர பெடியன்ர கணக்கிலை ஒரு பிழை பிடிச்சுக் காட்டும் பாப்பம்" என்று அண்ணை கணக்காய்வாளரிடம் சவால் விடுவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு மாசி மாதம், பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடியைத் துப்புரவு செய்கிற அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். மன்னார்க்காரி, நாற்பது வயது கடந்தவர், கணவர் பிரிந்துபோன பிறகு தனியாகவே வாழ்கிறார். நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அது கிடைத்தால், தவணைக்குத் தவணை பயந்து பயந்து அனுமதியைப் புதுப்பிக்கத் தேவையில்லை. கடிதத்தை வாசித்தேன். கடந்த பன்னிரண்டு மாத வருமானம் போதாது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"எவ்வளவு குறையுதாம்?"

"கொஞ்சம்தான் அக்கா. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் கூட வேலை கிடைச்சிருந்தாத் தாண்டியிருப்பியள்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடியே?" என்றார். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பார்வை ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்கும்படி அண்ணையிடம் கேட்டேன். புது ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று கையை விரித்தார்.

இரண்டு கிழமை கழித்து, துடைக்கும் துணிகள் கொடுக்க லில்லெஸ்ட்ரோமுக்குப் போனேன். மின்தூக்கியில் ஒரு தமிழ்நாட்டு இளைஞர். அந்த அலுவலகத்தில் மென்பொருள் வேலை. பையில் இருந்த நிறுவனப் பெயரைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க அந்த அக்கா கம்பெனியா ப்ரோ? சூப்பரா கிளீன் பண்றாங்க. ஆனா பாவம், நாங்க பதினொன்றரைக்கு லஞ்சுக்குப் போறப்பவும் மீட்டிங் ரூம்லதான் இருப்பாங்க. பன்னெண்டேகாலுக்கு மேலதான் கோட்டு மாட்டுவாங்க."

"இண்டைக்கு மட்டுமோ?"

"டெய்லி. ஏன், ஷிஃப்ட் அதுவரைக்கும்தானே?"

கூட்ட அறைகளுக்கு ஓடினேன். அக்கா கண்ணாடிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஐம்பது.

"அக்கா, ஏன் பதினொண்டு எண்டு எழுதுறியள்?"

"முடிக்கவேண்டிய நேரம் பதினொண்டுதானே?"

"முடிக்கிற நேரத்தை எல்லோ எழுதோணும்!"

"நான் மெதுவாச் செய்யிறது என்ர குறை. அதுக்கும் அவரிட்டைக் காசு வாங்கிறதே? எனக்கு வெக்கமில்லையே தம்பி?"

ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அவருக்குக் குறைந்த அதே ஒரு மணித்தியாலம். மாசியில் நான் அதைச் சொன்னபோது அவருக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோவில் மண்டபத்தில் கோப்பியோடு நின்ற மற்ற வேலையாட்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தேன். எல்லோரிடமும் ஒரே பதில், அதுவும் குரலைத் தாழ்த்தி: "எனக்குத்தான் தம்பி முடியுதில்லை. மற்ற ஆக்கள் முடிக்கினம்." பதினான்கு பேரும் தங்கள் ஒருவருக்குத்தான் கை மந்தம் என்று நினைத்து, ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பொய்யை மூன்று வருடமாகப் பிழையின்றித் தட்டச்சுச் செய்திருந்தேன்.

சட்டத்தை எடுத்து வாசித்தேன். யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்பதற்குப் பதிவு வைத்திருப்பது முதலாளியின் கடமை. பகுதி நேரக்காரர் ஒப்பந்தத்துக்கு மேல் செய்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஒரு நாளில் ஒன்பது மணித்தியாலம் தாண்டினால் அதற்கு மேல் நாற்பது வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பின்னோக்கிக் கேட்கலாம். வரிச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு பிரிவும் இருந்தது: யாரும் தேடி வருமுன் தானாக வந்து பிழையைச் சொல்லித் திருத்துகிறவருக்குத் தண்டவரி இல்லை. அதை வாசித்தபோது, அண்ணையிடம் எந்த வாசலால் போகவேண்டும் என்று தெரிந்தது.

இரண்டு பக்கம் எழுதி அவர் முன்னால் வைத்தேன். வாசித்து முடிக்குமுன்பே முகம் சிவந்தது.

"உனக்கென்ன விசரே? ஒருத்தரும் கேக்கேல்லை. நீ ஏன் துள்ளுறாய்?"

"கேட்ட பிறகு குடுத்தா அது தண்டம் அண்ணை. கேக்க முதல் குடுத்தாத்தான் திருத்தம்."

"நான் ஆரையும் ஏமாத்தேல்லை!"

"இல்லை அண்ணை. நீங்களும் தாளை நம்பினீங்கள், நானும் நம்பினன்."

அண்ணை மேசையில் தட்டினார். "அந்த லில்லெஸ்ட்ரோம் மாடிக்கு ஐஞ்சு மணித்தியாலம் எண்டு கணக்குப் போட்டவன் நான். நானே துடைச்சுப் பாத்துப் போட்ட கணக்கு. நாளைக்கு வந்து செய்து காட்டுறன். நீ மணிக்கூட்டோடை நில்."

காலை ஆறு மணிக்கு அண்ணை லில்லெஸ்ட்ரோமில் தள்ளுவண்டியோடு நின்றார். அக்கா உதவக்கூடாது என்பது நிபந்தனை. அவரைத் தேநீரோடு சிற்றுண்டி அறையில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை.

"அண்ணை, அந்தக் கதவுக்குப் பின்னாலை விட்டிட்டியள்."

"எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சா ஏன் விட்டனியள்?"

ஒன்பது மணிக்கு அண்ணையின் மேற்சட்டை கதிரையில் தொங்கியது. பத்து மணிக்கு முதுகைப் பிடித்தார். பதினொரு மணி அடித்தபோது கூட்ட அறைகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர் நின்று பார்த்தார். "அண்ணா, புதுசா சேர்ந்திருக்கீங்களா? அக்கா மாதிரி பழகிட்டா கொஞ்சம் ஸ்பீடு வந்துரும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லாம் முடித்து அண்ணை வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். அக்காவைவிட இருபது நிமிடம் அதிகம்.

"இந்தக் கண்ணாடி அறையள் நான் கணக்குப் போடேக்கை இல்லையே. எப்ப கட்டினவங்கள்?"

"நாலு வருசமாச்சு அண்ணை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். தெரிஞ்சுதானே ஐஞ்சு எண்டு விட்டிருப்பியள், கெட்டிக்காரர் முடிப்பினம் எண்டு."

திரும்பும் வழியில் வான் ஸ்ட்ரோம்மன் ஊரைத் தாண்டியது. புது வான் ஒன்று வாங்க அவர் முற்பணம் சேர்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் கணக்குப் பார். இந்த வான் இன்னும் ரெண்டு வருசம் ஓடும்" என்றார்.

"மூண்டு வருசத்துக்குப் பாக்கிறன் அண்ணை."

"கண்ணாடி அறை நாலு வருசம் எண்டாளே?"

"நாலாவது வருசத்தைச் சட்டம் கேக்காது."

"சட்டம் கேக்காட்டி என்ன? நான் கேக்கிறன். நாலு போடு."

எனக்குக் கண் கலங்கியது. பக்கத்துக் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பதினான்கு பேரும் நிலக்கீழ் அறைக்கு வந்தார்கள், சோப்புப் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் வாசல் கதவைத் திறக்கும் மின்னட்டை பதிந்து வைத்த நேரங்களைக் கேட்டு வாங்கியிருந்தேன். அவரவர் அவற்றைப் பார்த்துத் தங்கள் உண்மையான நேரத்தை எழுத வேண்டும். ஒருவரும் பேனையைத் தொடவில்லை. பிறகு ஸ்ட்ரோம்மனில் வேலை செய்கிற ஒருவர், "எனக்கு நாற்பது நிமிசம் கூடப் போகுது" என்றார், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்தார். "உனக்குமே? நீ சுழண்டு செய்யிற ஆள் எண்டெல்லோ நான் நினைச்சன்!" ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்போடு பூட்டுத் திறந்துவிட்டது. ஆளாளுக்குச் சத்தமாக நிமிடங்களைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணை அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் அந்த மாடியைத் துடைச்சனான். எனக்கு இன்னும் முதுகு நோகுது. என்னைப் பொய்யன் ஆக்காதை பிள்ளை, எழுது."

அக்கா எழுதினார்.

எனக்கு ஆறு கிழமை வேலை. மாதம் மாதமாகத் திறந்து, திருத்தி, மறுபடி அனுப்பினேன். ஒன்பது மணித்தியாலம் தாண்டித் தரைக்கு மெழுகு பூசிய சனிக்கிழமைகளுக்கு மேலதிக நேரத்துக்கான நாற்பது வீதம், எல்லாவற்றுக்கும் உரிய விடுமுறைப் பணம், வரி. என் சுத்தமான தாள்கள் எல்லாம் குழம்பின. நான் செய்த வேலைகளில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். அந்தக் கட்டடத்தோடு அண்ணை புது ஒப்பந்தம் பேசினார். தானே துடைத்த நேரத்தைச் சொல்லிப் பேசியதால் அவர்களால் மறுக்க முடியவில்லை. அக்காவின் ஐந்து மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் இருபது நிமிடமானது.

மிச்சச் சம்பளம் கையில் வந்து, வருமானத்தில் ஏறியதும் அக்கா மறுபடி விண்ணப்பித்தார். இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உறையோடு அறைக்குள் வந்தார். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது.

"வாசி தம்பி."

வாசித்தேன். நிரந்தர வதிவிட உரிமை வழங்கப்படுகிறது.

"இன்னொருக்கா."

மறுபடி வாசித்தேன். உள்ளே வந்த அண்ணை, "எனக்குக் கேக்கேல்லை, பலமா வாசியடா" என்றார். கேட்டிருக்கும். ஆனாலும் எழுந்து நின்று, பாடசாலையில் பரிசு வாங்கியவன் போல முழுக் கடிதத்தையும் சத்தமாக வாசித்தேன்.

அந்த மாத முடிவில் அக்காவின் நேரத்தாள் வந்தது. எந்த இரண்டு நாளும் ஒரே மாதிரி இல்லை. பன்னிரண்டு இருபது, பன்னிரண்டு பத்து, ஜன்னலும் துடைத்த நாள் பன்னிரண்டு முப்பத்தைந்து. கடிதம் வந்ததற்கு அடுத்த திங்களன்று மட்டும் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "பதினொன்று முதல் பதினொன்று இருபது வரை அலுவலகத்தாருக்குக் கேக் கொடுத்தது. இது வேலை இல்லை, கழிக்கவும்."

கழித்தேன்.